ஊட்டி, குன்னூரில் வாடகை வீடு: தேடுவது முதல் சாவி வாங்குவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பணிமாறுதல் உத்தரவு கைக்கு வந்ததும் பலர் என்னைக் கேட்கும் முதல் கேள்வி, "ஊட்டியில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு என்ன வாடகை?" என்பதுதான். ஈரோட்டிலோ திருப்பூரிலோ என்றால் பேட்டையின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். மலையில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரே தெருவில், ஒரே அளவில், ஒரே மேஸ்திரி கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு வாடகைக்குப் போகும். அதிகம் கொடுத்தவர் ஏமாந்தார் என்றும் சொல்ல முடியாது. அவர் வீட்டுச் சமையலறையில் காலை எட்டு மணிக்கு வெயில் விழும். எதிர் வீட்டில் பதினொன்று ஆனாலும் விழாது.

நான் சமவெளியிலிருந்து ஆசிரியர் வேலைக்காக மலையேறியவன். 11 ஆண்டுகளில் 4 வீடுகள் மாறிவிட்டேன். முதல் இரண்டிலும் மாத வாடகையை மட்டும் பார்த்துக் குடியேறினேன். இரண்டிலும் பணமும் உடல்நலமும் போயின. இங்கே பார்க்க வேண்டியது மாத வாடகையை அல்ல, 12 மாதங்கள் அந்த வீட்டில் வாழ்ந்து முடிக்க ஆகும் செலவை. அதைக் கணக்கிடும் வழியைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: வாடகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீலகிரியில் வீடுகள் குறைவு. நினைத்தாலும் வேகமாகப் பெருக்க முடியாது. 1993-ஆம் ஆண்டின் பெருந்திட்ட விதிகளின்படி கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. கோவையைப் போல எட்டு மாடி அடுக்ககம் எழுப்பி நாற்பது குடும்பங்களை ஒரே மனையில் குடிவைப்பது இங்கே நடக்காது. மண்ணை வெட்ட, பொக்லைன் கொண்டுவர, ஆழ்துளைக் கிணறு தோண்ட என்று ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. சிமென்ட்டும் கம்பியும் மணலும் மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் வர வேண்டும். சாலையிலிருந்து மனைவரை கூலியாள் தலைச்சுமையாகக் கொண்டுபோவதற்குத் தனிச் செலவு. இந்த மண் சரியும் என்பதை 2009 நவம்பரில் உயிர்களைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. அதனால் அந்தக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவற்றின் விலையில் ஒரு பங்கை வாடகையாகக் கொடுப்பவர் குடியிருப்பவர்தான்.

ஒரு காலத்தில் வாடகையைச் சட்டம் கணக்கிட்டுச் சொன்னது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பு என்றால் அதில் ஆண்டுக்கு 9 விழுக்காடு, கடை என்றால் 12 விழுக்காடு என்று வகுத்திருந்தார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டது. இன்று வாடகை என்பது இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகை. வீட்டின் விலைக்கும் வாடகைக்கும் தொடர்பு அறுந்துவிட்டதை நீங்களே சோதிக்கலாம். 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு மாதம் 10,000 ரூபாய் வந்தால் ஆண்டுக்கு 1,20,000, அதாவது 3 விழுக்காடுதான். பழைய 9 விழுக்காட்டைக் கேட்டால் மாதம் 30,000 ஆகும். அதைக் கொடுக்க யாரும் இல்லை.

அப்படியானால் உரிமையாளர் எதை வைத்து 10,000 என்கிறார்? பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாங்குகிறார் என்பது ஒன்று. மலையில் அதைவிட வலுவானது இன்னொன்று: மே மாதம் சுற்றுலாப் பயணி ஓர் இரவுக்கு என்ன கொடுக்கிறார் என்பது. 2025-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஏப்ரல் 1 முதல் சீசன் காலத்துக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள்தான் நீலகிரிக்குள் வரலாம் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு வைத்த பிறகே இத்தனை வண்டிகள். ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்தாலும், அத்தனை பேரும் எங்கோ படுத்துறங்க வேண்டும். எனவே வாடகை கேட்டு நீங்கள் வாசலில் நிற்கும்போது உங்களுடன் போட்டியிடுபவர் இன்னொரு ஆசிரியரோ செவிலியரோ அல்ல. உரிமையாளரின் மனத்தில் இருக்கும் அந்த மே மாத விருந்தாளி.

அந்த விருந்தாளி உண்மையில் எவ்வளவு தருகிறார் என்று ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசும்போது இதுதான் கைகொடுக்கும். ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் என்றும், இரு சீசன்களும் (கோடை, செப்டம்பர்-அக்டோபர்) வார இறுதிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 80 இரவுகள் நிரம்பும் என்றும் வைப்போம். வரவு 2,40,000, மாதம் 20,000. உரிமையாளர் மனத்தில் நிற்கும் தொகை இதுதான். இனி கழியுங்கள். ஆள் பிடித்துத் தருபவருக்கு 15 விழுக்காடு கமிஷன் 36,000. ஒவ்வொரு முறையும் துவைக்க, கூட்டித் துடைக்க 400 ரூபாய் வீதம் 32,000. பகுதிநேரக் காவலாளுக்கு மாதம் 4,000 வீதம் 48,000. மின்சாரம், கேஸ் 12,000. மிச்சம் 1,12,000, மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். இதில் உரிமம், வரி எதையும் நான் சேர்க்கவில்லை. மழை கொட்டும் ஜூலையில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பூஞ்சணம் பிடித்துச் சுவர் கெடுவதையும் சேர்க்கவில்லை.

இரண்டாம் படி: வீட்டுக்கு முன் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

வேலை ஊட்டியில் என்றால் வீடும் ஊட்டியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் சுமார் 20 கிலோமீட்டர். நடுவில் லவ்டேல், கேத்தி, எல்லநள்ளி, அருவங்காடு, வெலிங்டன் என்று வரிசையாக ஊர்கள். சுற்றுலா நெரிசல் சேரிங்கிராஸையும் ஏரியையும் தாவரவியல் பூங்காவையும் சுற்றித்தான்; அங்கிருந்து தள்ளிப்போகப் போக, மே மாத விருந்தாளியின் நிழல் வாடகையின் மேல் விழுவது குறையும். மகளிர் கட்டணமில்லாப் பேருந்துத் திட்டம் 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் விரிந்த பிறகு, வேலைக்குப் போகும் பெண்கள் நான்கு ஊர் தள்ளிக் குடியிருப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அந்த ஊர்த் தேநீர்க்கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குளிரும் மழையும் ஊருக்கு ஊர் மாறும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. இந்த வித்தியாசத்தை டிசம்பர் இரவில் உணரலாம். ஊட்டியிலும் மேட்டில் இருப்பவருக்குக் குளிர் குறைவு. குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் உறைபனி வெள்ளை விரிப்பாகக் கிடப்பது அதனால்தான். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர்தான் கனமழை. எந்த மாதம் ஈரம் மிகுதியோ, அந்த மாதத்தில் வீடு பார்ப்பது நல்லது.

கூடலூர், பந்தலூர் பக்கம் வீடு தேடுகிறீர்கள் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி. 1969-ஆம் ஆண்டு ஜென்மம் (பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலச் சிக்கலால் அங்கே பல வீடுகளுக்கு நெடுங்காலம் மின் இணைப்பே கிடைக்காமல் இருந்தது. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, ரசீது எங்கே என்று முதலிலேயே கேளுங்கள்.

மூன்றாம் படி: வீட்டைப் பார்க்கும் நாள்

வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை ஏழரைக்குப் போங்கள்.

உள்ளே நுழைந்ததும் மூச்சை இழுத்துப் பாருங்கள். நனைந்த சாக்கின் வாடை வந்தால் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. புதிதாக வெள்ளையடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. சுவரின் அடியிலிருந்து இரண்டடி உயரம்வரை உள்ளங்கையை வைத்துக்கொண்டே நடந்து பாருங்கள். சில்லென்று ஒட்டும் இடத்தில் சுண்ணாம்புக்குக் கீழே ஈரம் நிற்கிறது. சுவரலமாரியைத் திறந்து அதன் பின்பக்க மூலையைப் பாருங்கள். வெள்ளையடிப்பவர் அங்கே பெரும்பாலும் கை வைப்பதில்லை.

எங்கள் இரண்டாவது வீட்டில் நான் இதையெல்லாம் செய்யவில்லை. புது வெள்ளை, புதுத் தரைவிரிப்பு, வாடகையும் குறைவு. ஆகஸ்ட்டில் ஒருநாள் மகளின் மெத்தையைப் புரட்டிப் போட்டேன். அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் புள்ளிகள், நடுவில் பச்சையாக ஒரு வட்டம். அவள் மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தது அந்த மெத்தையின் மேல் படுத்துத்தான். அந்தப் படுக்கையறையின் பின்சுவர், மலையை வெட்டிய மண்சரிவோடு ஒட்டி எழுந்திருந்தது.

ஆகவே வீட்டின் பின்பக்கம் கட்டாயம் போய்ப் பாருங்கள். வெட்டிய சரிவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோகும் இடைவெளியாவது வேண்டும். அதில் தண்ணீர் ஓட வாய்க்கால் வேண்டும். தடுப்புச்சுவர் இருந்தால் அதில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மழைக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் நல்லது. துளையே இல்லாமல், சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் அந்த வீடு வேண்டாம். இதில் மட்டும் பேரத்துக்கு இடமில்லை.

அடுத்து வெயில். கிழக்கோ தெற்கோ பார்த்த சன்னல்கள் எத்தனை? குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்குப் பக்கம் மேடோ உயர்ந்த மரங்களோ இருந்தால் டிசம்பரில் வெயிலே எட்டாது. துணி காயப்போடும் கம்பி எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். வெயில் விழும் இடம் அந்த வீட்டுப் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வெயில் இல்லாத வீட்டில் ஹீட்டர் ஓடும், அல்லது கரியடுப்பு மூட்டத் தோன்றும். கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு கரியடுப்போடு உறங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன செய்திகள் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன. வீட்டுக்குள் கரி மூட்டவே மூட்டாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி உரிமையாளரைக் கேட்காதீர்கள், மேல்வீட்டில் குடியிருப்பவரைக் கேளுங்கள். நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, மார்ச்சிலும் ஏப்ரலிலும் எத்தனை நாளுக்கு ஒருமுறை, தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை குடும்பங்களுக்குப் பொது. குன்னூரில் ரேலியா அணை வற்றும் கோடையில் இந்தக் கேள்விகளின் அருமை தெரியும். லாரித் தண்ணீர் வாங்குவதாக இருந்தால் லாரி நிற்கும் இடத்திலிருந்து தொட்டிவரை குழாய் எட்டுமா என்றும் பாருங்கள்.

படிகளை எண்ணுங்கள். சாலையிலிருந்து 20 படி இறங்கினால் பெரிதாகத் தெரியாது. எங்கள் மூன்றாவது வீட்டுக்கு 74 படிகள். கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பீரோ எல்லாவற்றுக்கும் சுமைகூலி தனி. மழைநாளில் என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக இருவர் நாற்காலியில் வைத்துத் தூக்க வேண்டியிருந்தது. வயதானவர்கள் உடன் இருந்தால் படி எண்ணிக்கைதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கடைசியாக மின் மீட்டர். உங்களுக்கென்று தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் தொடக்கப் படிநிலைகளில் கட்டணம் குறைவு. மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால் அந்த 100 யூனிட் மூவருக்கும் சேர்த்து ஒரே முறைதான். மூவரும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிநிலைச் சலுகையும் குறைந்துபோகும். அதனால்தான் இத்தகைய வீடுகளில் உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு விலை வைத்துவிடுகிறார்.

நான்காம் படி: உண்மையான வாடகையைக் கணக்கிடுங்கள்

இரண்டு வீடுகளை ஒப்பிட்டுக் காட்டுகிறேன். தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளத்து வீடு: வாடகை 9,000. வெயில் இல்லை, எனவே 1,000 வாட் ஹீட்டர் இரவில் மூன்று மணி நேரம். நாளுக்கு 3 யூனிட், மாதம் 90. கீசர், விளக்கு, குளிர்சாதனப் பெட்டிக்கு இன்னும் 100. பொது மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூபாய், ஆக 1,900. கோடை லாரித் தண்ணீரை ஆண்டு முழுவதற்கும் பரப்பினால் மாதம் 700. பேருந்து நிறுத்தம் தொலைவு. வாரம் நான்கு முறை 80 ரூபாய் ஆட்டோ, மாதம் 1,280. கூட்டினால் 12,880.

மேட்டு வீடு: வாடகை 11,500. ஹீட்டர் தேவையில்லை. தனி மீட்டரில் மாதம் 100 யூனிட் ஓடினால் கட்டணம் சராசரியாக மாதத்துக்கு 150 ரூபாயைத் தாண்டாது. வாசலிலேயே பேருந்து. மொத்தம் 11,650.

வாடகைச் சீட்டில் 2,500 ரூபாய் அதிகமாக எழுதியிருந்த வீடு, வாழ்ந்து பார்த்தால் 1,230 ரூபாய் குறைவாக முடிகிறது. மருந்துச் செலவை நான் இதில் சேர்க்கவில்லை.

சம்பளத்தில் எத்தனை பங்கு வாடகைக்குப் போகலாம் என்பது அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஊருக்குப் பணம் அனுப்புவது நின்றுபோவதை என்னுடன் பணியாற்றுபவர்கள் பலரிடம் பார்த்துவிட்டேன். அந்த மூன்றில் ஒரு பங்கில் அடங்க வேண்டியது இந்தக் கூட்டுத்தொகை. சீட்டு வாடகை மட்டுமல்ல.

ஐந்தாம் படி: பேசுவது

உரிமையாளரும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்தான். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பார். பச்சைத் தேயிலை விலை கைகொடுக்காததால் வாடகையை நம்பியிருப்பார். அல்லது அருவங்காடு தொழிற்சாலையிலோ, மூடப்பட்ட பிலிம் தொழிற்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்ற பணத்தில் கீழ்த்தளம் கட்டியிருப்பார். அவருக்கு வேண்டியது மாதாமாதம் தவறாத தொகையும், வீட்டைக் கெடுக்காத ஆளும். அந்த இரண்டையும் உங்களால் தர முடியும் என்று காட்டுவதுதான் பேரம்.

இப்போதைய வீட்டுக்கு வாடகை பேசிய நாள் நினைவிருக்கிறது. ஜூன் மூன்றாம் வாரம். சீசன் முடிந்து மழை தொடங்கியிருந்தது. வீட்டுக்கார அம்மா அடுப்பங்கரையிலிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மே மாதம் ஒரு ராத்திரிக்கே மூவாயிரம் கொடுக்கிறார்கள் சார். பன்னிரண்டாயிரத்துக்குக் குறைக்க முடியாது."

"கொடுக்கிறார்கள் அக்கா. போர்வை துவைக்க ஆள் யார் வைக்கிறார்கள்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். போன மாதம் எட்டுப் போர்வைகளைத் தாமே துவைத்ததாகவும், மழையில் அவை நான்கு நாள் காயவில்லை என்றும் சொன்னார். மேலே எழுதிய கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். இரண்டு ஆண்டுகள் இருப்பதாகவும், சீசனுக்காகக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்றும், ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்த்திக்கொள்ளலாம் என்றும் கேட்டேன். 10,500-க்கு முடிந்தது.

ஜூன் பிற்பாதி முதல் ஆகஸ்ட் வரை பேசுவது நல்லது. மார்ச், ஏப்ரலில் பேசினால் மே மாத விருந்தாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வாடகை இறங்காவிட்டால் வேறு ஏதாவது இறங்கும்: தனி மீட்டர், கீசர், சன்னல் இடுக்குகளை அடைப்பது, கூடுதல் தண்ணீர்த் தொட்டி. தரகர் மூலம் போனால் அவருடைய கமிஷன் எவ்வளவு என்பதை வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

ஆறாம் படி: எழுத்து

என் முதல் வீட்டில் எழுத்து எதுவும் இல்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள், "உறவினர்கள் வருகிறார்கள், இந்த மாதத்துக்குள் காலி செய்யுங்கள்" என்றார்கள். ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் அந்த வாசலில் 'அறைகள் வாடகைக்கு' என்ற பலகை தொங்கியது.

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டப்படி, நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. 'எதற்கு வம்பு' என்று விடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒப்பந்தம் எழுதாமல் இருப்பதே வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்து இல்லாமல் நஷ்டப்படுபவர் நீங்கள்தான்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது சட்டத்தின் பொதுவிதி. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் அது செல்லும். எனவே பத்து மாத அட்வான்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உரிமையாளருக்கு உரிமை கிடையாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

ஒப்பந்தத்தில் காலமுடிவு எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். 11 மாத வழக்கப்படி மே மாதம் குடியேறினால் முடிவு மார்ச்சில் வரும். அதுதான் சீசனுக்கு முந்தைய மாதம். ஜூன் மாதத்தில் முடியும்படி எழுதுங்கள். வாடகை உயர்வு எத்தனை விழுக்காடு, எப்போது, யூனிட்டுக்கு எவ்வளவு, கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு யாருடையது, காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், மழையால் சுவரோ கூரையோ கெட்டால் பழுதுபார்ப்பவர் யார் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவாருங்கள்.

மாத வாடகை இல்லாமல் பெருந்தொகையைக் கொடுத்துக் குடியேறும் போக்கியமும் இங்கே உண்டு, 'லீஸ்' என்பார்கள். 6 லட்சம் கொடுத்து மூன்று ஆண்டுகள் இருந்தால், அந்தப் பணத்துக்கு வங்கியில் கிடைத்திருக்கும் வட்டிதான் உங்கள் வாடகை. 7 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 42,000, மாதம் 3,500. மலிவாகத்தான் தெரியும். ஆனால் அந்த 6 லட்சம் திரும்பி வருமா என்பதே கேள்வி. வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால், வங்கி ஏலம் விடும்போது உங்கள் தொகை கடைசி வரிசையில் நிற்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைப் பாருங்கள்; பத்திரத்தைப் பதிவு செய்யாமல் போக்கியத்துக்குப் போகாதீர்கள். முத்திரைத்தாளில் எழுதிய வெறும் கையெழுத்தை நம்பிச் சேமிப்பு முழுவதையும் இழந்த ஓய்வூதியர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஏழாம் படி: சாவி வாங்கும் நாள்

பொருள்களை இறக்கும் முன் காலி வீட்டை அறை அறையாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவரின் அடிப்பகுதி, கூரையின் மூலைகள், குளியலறைக் குழாய்கள், விரிசல் இருந்தால் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. மின் மீட்டரின் அளவை உரிமையாளர் முன்னிலையில் குறித்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படங்களை அன்றே அவருக்கும் அனுப்பிவிடுங்கள். வாடகையை வங்கிவழி கொடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் ரசீது கேளுங்கள்.

கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மெத்தையை வாரம் ஒருமுறை நிமிர்த்தி, சன்னலைத் திறந்து, வெயில் பக்கம் சாய்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது ஞாயிறு காலை மகளின் வேலை. இருமல் நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.